திற்பரப்பில் கல் சுடவில்லை

நாகர்கோவில் சந்திப்பில் இறங்கியபோது இன்னும் சரியாக விடியவில்லை. திருச்சியிலிருந்து ஏசி பெட்டியில் எழுநூற்றுச் சொச்சம் ரூபாய் கொடுத்து வந்தேன். அந்தக் குளிர் எனக்கு ஆகாது என்று தெரிந்துதான் வந்தேன். சாதாரணப் பெட்டியில் வந்தால் புழுக்கத்தில் பாதங்கள் எரியும். ஏசியில் வந்தால் அதே பாதங்கள் ஐஸ் பெட்டிக்குள் வைத்ததுபோல் குடையும். எரிச்சலா, குடைச்சலா என்று முடிவு செய்துவிட்டுத்தான் இப்போதெல்லாம் டிக்கெட் எடுக்கிறேன்.

பிளாட்பாரத்தில் நடக்கும்போது காலில் தடித்த சாக்ஸ் மாட்டியிருப்பதுபோல் இருந்தது. குனிந்து பார்த்தேன். சாக்ஸைக் கழற்றிப் பையில் வைத்து வெகு நேரமாகியிருந்தது.

எனக்குச் சர்க்கரை வந்து பதினெட்டு வருடமாகிறது. கால் எரிச்சல் வந்து நான்கு வருடம். நரம்பு கெட்டுவிட்டது, கெட்டது கெட்டதுதான், இனி கூடாமல் பார்த்துக்கொள்ளலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். முன்பெல்லாம் ஊர் ஊராகப் போய் அதை எழுதுகிறவன் நான். பாலிடெக்னிக்கில் பாடம் நடத்திய காலத்தில் ஒரு விடுமுறையையும் வீட்டில் கழித்ததில்லை. இந்த நான்கு வருடத்தில் அப்படி எங்கும் போகவில்லை. இப்போது வந்ததும் ஊர் பார்க்க அல்ல. பூதப்பாண்டியில் இருக்கும் என் அக்கா காந்திமதிக்கு அடுத்த திங்கட்கிழமை வலது காலை எடுக்கப்போகிறார்கள். அதற்காக வந்தேன். மனைவி மகளின் பிரசவத்துக்காகப் பெங்களூரு போயிருந்ததால் தனியாகத்தான் வரவேண்டியிருந்தது.

நிலையத்திலிருந்து பூதப்பாண்டிக்கு ஆட்டோவில் முந்நூறு ரூபாய். வடசேரி போய்ப் பஸ் பிடித்தால் சில்லறையோடு முடிந்துவிடும். ஆனால் நெரிசலில் யாராவது காலை மிதித்தால் எனக்குத் தெரியாது என்பதால் ஆட்டோ. ஊர் நெருங்கும்போது வலதுபக்கம் தாடகை மலை மேல் மேகம் கிடந்தது. கும்பப்பூ நெல் அறுவடை நடந்துகொண்டிருந்தது. அறுத்த வயலில் வைக்கோல் ஈரமாகக் கிடந்து மணத்தது.

அக்கா முன்னறையில் கட்டிலில் இருந்தாள். வலது பாதம் கட்டுப்போட்டுத் தலையணை மேல் இருந்தது. எங்களுக்குப் பிறந்த ஊர் திருநெல்வேலி. கல்யாணமாகி நாற்பது வருடத்தில் அவள் பேச்சு முழுக்க நாஞ்சில் நாட்டுப் பேச்சாகிவிட்டது.

“வந்தியாலே மக்கா? வண்டியில ஒறங்கினியா?”

“தூங்கினேன் அக்கா.”

“பொய் சொல்லாத. ஏசியில காலு கடுத்திருக்கும்.”

அத்தான் காப்பி கொண்டுவந்தார். அக்காவுடைய தம்ளரைக் கொடுப்பதற்குமுன் அதை இரண்டு உள்ளங்கைகளுக்கும் நடுவில் கொஞ்ச நேரம் வைத்திருந்தார். பிறகு என் தம்ளரையும் அப்படியே செய்தார். நான் குளிக்கப் போனபோது பின்னாலேயே வந்து, வாளியில் முழங்கை வரை கையை விட்டுப் பார்த்துவிட்டு, “குளியும் மாப்ளே” என்று சொல்லிவிட்டுப் போனார். ஒரு பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர் அவர். ஒருகாலத்தில் வீட்டில் அவர் பேச்சுத்தான் கேட்கும். அன்று பகல் முழுக்க அவர் பேசியது பத்து வாக்கியம் இருக்காது.

சாயங்காலம் அக்கா சொன்னாள்: “நாளைக்கு ஒரு காரு பிடிலே. திற்பரப்புக்குப் போணும்.”

“காலுல தண்ணி படப்பிடாதுன்னு சொல்லியிருக்காவ,” என்றார் அத்தான்.

“நான் குளிக்கவா போறேன்? பாத்துட்டு வரலாம். ரெண்டு காலோட ஒரு தடவ.”



மறுநாள் வியாழக்கிழமை. காருக்குப் போய்வர இரண்டாயிரத்து இருநூறு ரூபாய் பேசினோம். டிரைவர் ஜஸ்டினுக்குச் சொந்த ஊர் குலசேகரம் பக்கம். “அம்மா பின்னால காலு நீட்டி இரிக்கட்டும் சாரே. எடம் தாராளமாக்கும்,” என்று சொல்லி இருக்கையில் ஒரு போர்வையை மடித்துப் போட்டார். அத்தான் முன்னால் ஏறிக்கொண்டார். நான் பின்னால் ஓரத்தில் உட்கார்ந்து அக்காவின் காலை என் மடியில் வாங்கிக்கொண்டேன்.

பூதப்பாண்டியிலிருந்து அழகியபாண்டிபுரம், தடிக்காரன்கோணம், குலசேகரம் வழியாகத் திற்பரப்பு. முப்பது கிலோமீட்டருக்கு மேல் இருக்கும். சாலை வளைந்து வளைந்து போவதால் ஒரு மணி நேரத்துக்கு அதிகமாகவே பிடித்தது. தடிக்காரன்கோணம் தாண்டியதும் வயல்கள் போய் ரப்பர் மரங்கள் வந்தன. வீட்டு முற்றங்களில் ரப்பர் ஷீட்டுகளைக் கொடியில் துணிபோல் உலர்த்தியிருந்தார்கள். கார் ஏசியை ஜஸ்டின் போட்டதும் எனக்குக் கட்டைவிரல்கள் குடையத் தொடங்கின. நான் வாயைத் திறப்பதற்குள் அக்கா சொன்னாள்: “தம்பி, அத அணச்சிட்டு கண்ணாடியத் தாத்துப்பா. ரெண்டு பேருக்கும் ஆகாது.”

கொஞ்ச தூரம் போனபின் அவளாகவே தொடங்கினாள். மார்கழியில் ஒருநாள் காலையில் அவளுக்குப் பாதம் இரண்டும் பனிக்கட்டியாகக் குடைந்திருக்கிறது. வெந்நீரில் வைத்தால் இதமாக இருக்கும் என்று தோன்றியிருக்கிறது. அத்தான் அண்டாவில் வெந்நீர் போட்டுப் பெரிய பேசினில் ஊற்றினார்.

“சூடு போருமான்னு கேட்டாரு. சூடே இல்ல, இன்னும் கொஞ்சம் ஊத்துங்கன்னேன். வலது காலுதான் ரொம்பக் கொடஞ்சிது, அத முதல்ல வச்சேன். சொகமா இருந்துதுலே. கண்ண மூடிட்டு இருந்தேன். எடுக்கும்ப தோலு அப்பிடியே கழண்டு வந்துட்டு. அப்பவும் வலிக்கல்ல.”

அந்தப் புண்தான் எலும்பு வரை போனது. முதலில் இரண்டு விரல், பிறகு மூன்றாவது. இப்போது முட்டுக்குக் கீழே எடுத்தால்தான் மிச்சத்தைக் காப்பாற்றலாம் என்கிறார்கள்.

“இவரு மேல தப்பில்ல,” என்றாள் அக்கா. “நான்தான் ஊத்தச் சொன்னேன்.”

அத்தான் திரும்பவில்லை. ஜன்னல் வழியாக ரப்பர் மரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார். மரங்களில் கட்டியிருந்த சிரட்டைகளில் பால் வெள்ளையாக நின்றது.

திற்பரப்பை அடையும்போது பதினொரு மணி தாண்டியிருந்தது. நுழைவுச்சீட்டு காருக்கு நாற்பது ரூபாய், ஆளுக்குப் பத்து ரூபாய். கோதையாறு அகலமான பாறைத் தளத்தின்மேல் பரந்து வந்து, ஒரே இடத்தில் விழாமல் பல கிளைகளாகப் பிரிந்து இறங்குகிறது. உயரம் அதிகமில்லை. குற்றாலம்போல் தலையில் அறையும் அருவி அல்ல, குழந்தைகள்கூட நிற்கலாம். மாசி மாதமாதலால் தண்ணீர் குறைவுதான். “மழைக்காலத்துல வரணும் சாரே, அப்பம் வெள்ளம் பாக்கணும்,” என்றார் ஜஸ்டின்.

அக்காவை வாக்கர் பிடித்து நடத்திக்கொண்டு போனோம். கீழே இறங்கும் வழி அவளால் முடியாது. மேலே நேந்திரங்காய் சிப்ஸ் வறுக்கும் கடைக்காரர் மரநிழலில் ஒரு பிளாஸ்டிக் நாற்காலி போட்டுத் தந்தார். அங்கிருந்து அருவி முழுதாகத் தெரிந்தது. அக்கா அதையே பார்த்துக்கொண்டிருந்தாள். குளிப்பவர்களின் கூச்சலும் தண்ணீரின் இரைச்சலும் சேர்ந்து கேட்டன.

“நீ போய் சாமியக் கும்பிட்டுட்டு வா. எனக்கும் சேத்து,” என்றாள்.

அருவிக்கு அருகிலேயே மகாதேவர் கோவில். ஆண்கள் சட்டையைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே போகவேண்டும். செருப்பை வெளியே விட்டேன். அது சர்க்கரைக்காரர்களுக்கென்று தடித்த மெத்தை வைத்துத் தைத்த செருப்பு. வீட்டுக்குள்ளும் அதில்லாமல் நான் நடப்பதில்லை. தரிசனம் முடித்து வெளிப்பிராகாரத்தைச் சுற்றினேன். கல் பாவிய தரை. எனக்கு முன்னால் போன ஒரு குடும்பம் ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தது. நான் மெதுவாக நடந்தேன். பல மாதங்களுக்குப் பிறகு அப்போது கால் எரியவில்லை. பாதத்துக்கடியில் ஒன்றுமே இல்லாததுபோல் இலேசாக, சமாதானமாக இருந்தது. சாமி புண்ணியம் என்றே நினைத்தேன். அந்த நிம்மதியை விட மனமில்லாமல் இன்னொரு சுற்றும் வந்தேன். நடுவில் நின்று கோபுரத்தைக்கூடப் பார்த்தேன்.

எதிரே வந்த ஒரு பெண், “அண்ணாச்சிக்குக் காலு சுடல்லியா?” என்று கேட்டுவிட்டு நிழலுக்கு ஓடினாள்.

“இல்லையே,” என்றேன். அப்போதும் எனக்கு உறைக்கவில்லை.

திரும்பி வந்ததும் அக்கா ஒரு காலி பாட்டிலை நீட்டினாள். “அருவித் தண்ணி கொஞ்சம் பிடிச்சிட்டு வாலே. இந்தக் காலுல ஊத்திக்கிடுதேன். இதுல புண்ணு கெடையாதுல்லா.”

படியிறங்கிப் போய், பேன்ட்டை மடித்து விட்டுக்கொண்டு ஓரத்தில் காலை வைத்தேன். என்னைச் சுற்றி எல்லோரும் சிரித்துக்கொண்டு குளித்தார்கள். தண்ணீர் என் பாதத்தைத் தொட்டதும் கணுக்காலிலிருந்து முட்டு வரை கரண்ட் அடித்ததுபோல் இருந்தது. குளிர்ச்சி என்று எனக்குத் தெரியவில்லை; வெட்டுவதுபோல்தான் தெரிந்தது. பாறையைப் பிடித்துக்கொண்டு பாட்டிலை நிறைத்துவிட்டு வெளியே வந்தேன். மேலே அக்கா என்னைப் பார்த்துக் கையை அசைத்தாள். நானும் அசைத்தேன்.

“எப்பிடி இருந்துது?” என்று கேட்டாள்.

“நல்ல குளிர்ச்சி.”

அவள் என் முகத்தைக் கொஞ்சம் கூடுதலாகப் பார்த்தாள்.  சேலையை இலேசாகத் தூக்கி இடது பாதத்தை முன்னால் நீட்டிவிட்டு, அருவிப் பக்கம் திரும்பிக்கொண்டாள். நான் குனிந்து ஊற்றினேன். விரல்கள் மேலும் புறங்காலிலும் கணுக்காலைச் சுற்றியும் மெதுவாக ஊற்றினேன். பாட்டில் தீர்ந்தது.

அக்கா அருவியைப் பார்த்தபடியே இருந்தாள்.

“ஊத்துலே,” என்றாள்.

“ஊத்திட்டேன் அக்கா.”

அவள் திரும்பிக் குனிந்து பார்த்தாள். பாதம் நனைந்து மின்னியது. கீழே மண் ஈரமாகியிருந்தது. காலி பாட்டில் என் கையில் இருந்தது.

“ஓ,” என்றாள். பிறகு, “பாக்க நல்லாத்தான் இருக்கு.”

அத்தான் தோளிலிருந்த துண்டை எடுத்துக்கொண்டு மண்ணில் குந்தி உட்கார்ந்தார். அந்தப் பாதத்தை மடியில் வைத்து, ஒவ்வொரு விரலிடுக்காகத் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் எழுந்திருக்கவில்லை. கடைக்காரர் வறுத்த சிப்ஸை ஒரு தாளில் வைத்துக் கொண்டுவந்து நீட்டினார். யாரும் எடுக்காததால் நான் இரண்டு எடுத்தேன்.

வரும்போது சிதறால் மலைக்கும் போகலாமா என்று ஜஸ்டின் கேட்டார். பாறையில் செதுக்கிய பழைய சமணச் சிற்பங்கள், பக்கத்தில்தான் என்றார். முன்பு நான் ஏறிப் பார்த்த இடம்தான். மலையை நினைத்ததும் களைப்பு வந்தது. நேரே வீட்டுக்கு விடச் சொன்னேன்.

வீடு வந்து, கைகால் கழுவி, கட்டிலுக்கு எதிரே நாற்காலியில் உட்கார்ந்து காலை ஸ்டூலில் நீட்டினேன். வெளியே இன்னும் வெளிச்சம் இருந்தது. அக்கா பேசிக்கொண்டிருந்தவள் நிறுத்தினாள்.

“மக்கா, காலக் கொஞ்சம் தூக்கு.”

தூக்கினேன். அவள் தலையணைக்கடியிலிருந்த மொபைலை எடுத்து டார்ச்சைப் போட்டாள்.

“இன்னும் தூக்கு. அந்தக் கால.”

என் இரண்டு பாதங்களிலும், விரல்களுக்குக் கீழே சதை தடித்திருக்கும் இடத்தில், கொப்புளம் எழும்பியிருந்தது. இடது காலில் நாவல்பழ அளவு. வலது காலில் அதைவிடப் பெரிது. அது ஏற்கனவே உடைந்து, தோல் மடங்கி, உள்ளே சிவப்பாகத் தெரிந்தது. நான் விரலால் தொட்டேன். விரலுக்கு ஈரம் தெரிந்தது, காலுக்கு விரல் தெரியவில்லை.

அந்தப் பெண் ஏன் ஓடினாள் என்று அப்போதுதான் புரிந்தது.

அக்கா அழவில்லை. டார்ச்சை அணைத்தாள். “இங்க வாருங்கோ,” என்று அத்தானைக் கூப்பிட்டாள். அவர் வந்து பார்த்தார்.  “நான்லா கூடப் போயிருக்கணும்,” என்றார். “தரையத் தொட்டுப் பாத்திருப்பேன்.”

வெள்ளிக்கிழமை நாகர்கோவிலில் ஒரு டாக்டரம்மாவிடம் காட்டினோம். புண்ணைச் சுத்தம் செய்தார்கள். தோலைக் கத்தரித்தபோது நான் எதிரே மாட்டியிருந்த காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அவ்வளவுதான் வேலை எனக்கு. “உச்சிப்பொழுதுல கோவில் கல்லுல வெறுங்காலோட நடக்கவே கூடாது. காலைல சீக்கிரம் போங்க, இல்ல சாக்ஸ் போட விடுவாங்களான்னு கேட்டுப் பாருங்க,” என்றார். இதைப் படிக்கிறவர்களில் என்னைப்போல் கால் உள்ளவர்கள் இருந்தால் அவர் சொன்னதைக் கேட்டுக்கொள்ளுங்கள். கால் எரியாமல் இருந்தால் சந்தோஷப்படவேண்டாம், உடனே குனிந்து பாருங்கள்.

சனியும் ஞாயிறும் நானும் அக்காவும் ஒரே அறையில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தோம். தெருவில் அறுவடை இயந்திரம் போகும்போது ஜன்னல் கம்பி அதிரும். அத்தான் இருவருக்கும் தம்ளரை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துவிட்டுக் கொடுப்பார். ஒருமுறை அவர் கடைக்குப் போயிருந்தபோது, பயமாக இருக்கிறதா என்று அக்காவிடம் கேட்டேன்.

“காலு போறதுல எனக்கு ஒண்ணும் இல்லலே. மிச்சம் ரெண்டு வெரல வச்சுக்கிட்டு ஓடவா போறேன்? ஒண்ணு நெனச்சுப் பாரு, இந்த எரிச்சல் பாதி கொறயும்லா. ஒரு காலுக்குத்தான இருக்கும். கொஞ்சம் ஒறங்கலாம்.”

அதைச் சொல்லும்போது அவள் முகத்தில் உண்மையாகவே ஒரு தெளிவு இருந்தது. எனக்கும் அது நியாயமாகப் பட்டது. எரிகிற இடத்தை எடுத்துவிட்டால் எரிச்சல் எங்கே இருக்கும்?

திங்கட்கிழமை ஆபரேஷன் முடிந்தது. என் கால் கட்டோடு மாடிப்படி ஏறக்கூடாது என்றார்கள். ஆஸ்பத்திரியில் கீழே ஹாலில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்திருந்தேன். அத்தான் மேலேயிருந்து வந்து பக்கத்தில் அமர்ந்தார். “நல்லபடியா முடிஞ்சுதாம்,” என்றார். இருவரும் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

புதன்கிழமை நோயாளிகளுக்கான லிப்டில் என்னை மேலே விட்டார்கள். அக்கா கண்ணைத் திறந்துதான் இருந்தாள். போர்வை இடதுபக்கம் பாதம் வரை மேடாகவும், வலதுபக்கம் பாதியில் தட்டையாகவும் கிடந்தது.

“வலிக்குதா அக்கா?”

“வலி பரவால்ல. எரியுதுலே.”

“இந்தக் காலா?” இடது பாதத்தைத் தொட்டேன்.

அவள் தலையை ஆட்டினாள். கையை நீட்டி, போர்வை தட்டையாகக் கிடந்த இடத்தைக் காட்டினாள். “அந்தக் கட்டவெரலு. அங்க. நெருப்ப வச்சது மாதிரி.”

நர்ஸம்மா, அப்படித்தான் சிலருக்கு இருக்கும், நாளாக நாளாகக் குறையலாம் என்றார். அக்கா கேட்டுக்கொண்டாள். பிறகு என்னிடம் மெதுவாகச் சொன்னாள்: “அங்க கொஞ்சம் கைய வையி.” போர்வை மேல், ஒன்றும் இல்லாத இடத்தில், கையை வைத்தேன். “எடுக்காத,” என்றாள். பார்வை நேரம் முடிகிறவரை எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை பகல் வண்டியில் கிளம்பினேன். அத்தான் நிலையம் வரை வந்து பையை ஏற்றித் தந்தார். வண்டி நகரும் நேரத்தில் ஜன்னலோரம் வந்து, “வீட்டுல வெந்நீர் யாரு வைப்பா?” என்று கேட்டார்.

“நான்தான் அத்தான். அவ பெங்களூருலேர்ந்து வர ஒரு மாசமாகும்.”

“பச்சத் தண்ணியில குளியும்,” என்றார். “குளிருனாலும் பரவால்ல. அவ வாரது வரைக்கும் பச்சத் தண்ணியிலயே குளியும் மாப்ளே.”

ஆரல்வாய்மொழிக் கணவாயில் காற்று பெட்டிக்குள் அறைந்தது. காற்றாலைகள் சுற்றின. அதைத் தாண்டியதும் பச்சை குறைந்து வெயில் வெள்ளையாகிவிட்டது. நாஞ்சில் நாட்டைவிட்டு எத்தனையோ முறை இந்த வழியாகத் திரும்பியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் அந்த ஈரத்தை விட்டு வருகிறோமே என்று மனம் கனக்கும். இந்த முறை, எங்கள் திருச்சி வீட்டில் எத்தனை இடத்தில் வெயில் தரையில் விழுகிறது என்று யோசித்துக்கொண்டே வந்தேன். மொட்டைமாடி, பின்வாசல், துணி துவைக்கும் கல். இத்தனை வருடம் அவை சூடா என்று நான் கேட்டதே இல்லை, கால் சொல்லிக்கொண்டிருந்தது.

நான் திருச்சி திரும்பி மூன்று வாரமாகிறது. தினமும் விளக்கு வைக்கும் நேரத்தில் அக்கா போன் செய்கிறாள். முதல் கேள்வி எப்போதும் ஒன்றுதான்.

“காலப் பாத்தியா?”

“பார்த்தேன் அக்கா. இடது கால் புண் மூடிடுச்சு.”

“வலது?”

முகம் பார்க்கும் கண்ணாடியைத் தரையில் வைத்து மறுபடியும் ஒருமுறை பார்க்கிறேன்.

“இன்னும் ஈரமாத்தான் இருக்கு.”

“என்ன நெறம்?”

“சிவப்புத்தான்.”

 அவள் அத்தானிடம், “சிவப்பாம்,” என்று சொல்வது கேட்கிறது.

“சிவப்புன்னா கொள்ளாம், கறுக்கப்பிடாது,” என்கிறாள். “நாளைக்கும் பாரு.”